பழைய காரின் கம்பெனி செட்டில் ஃபோன் பாட்டு: செலவு குறைந்த வழி எது?

பின்சீட்டுக்காரன்:

வணக்கம் நண்பர்களே. 1999 மாடல் கார். கம்பெனி ஃபிட்டிங் ஸ்டீரியோவில் கேசட், எஃப்எம், ஏஎம் மூன்றும் வேலை செய்கின்றன. ஆக்ஸ் (வெளி ஒலியை ஒயரில் கொடுக்கும் துளை), யூஎஸ்பி, ப்ளூடூத் எதுவும் கிடையாது. முகப்பில் சிடி சேஞ்சருக்கு (பல சிடிகளை மாற்றி மாற்றிப் போடும் தனிப் பெட்டி) ஒரு பட்டன் இருக்கிறது, ஆனால் வண்டியில் சேஞ்சர் பொருத்தவில்லை. நான்கு ஸ்பீக்கரும் நல்ல நிலையில் உள்ளன.

செட்டை மாற்ற விருப்பமில்லை. டேஷ்போர்டின் வளைவுக்கும் விளக்கு நிறத்துக்கும் ஏற்றபடி செய்த செட் அது. வேறு எதை வைத்தாலும் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். ஃபோனில் ஹெட்ஃபோன் ஓட்டை இல்லை, டைப்-சி மட்டும்தான். ஓட்டும்போது சார்ஜும் ஏற வேண்டும். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் இரண்டும் கைவசம் உள்ளன.

கேசட் அடாப்டர், எஃப்எம் டிரான்ஸ்மிட்டர், சேஞ்சர் வழி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒலித்தரத்தையும் செலவையும் பார்த்தால் எதை முதலில் முயல வேண்டும்?


நாடாச்சுருள்:

கேசட் ஓடுகிறது என்றால் முதலில் கேசட் அடாப்டர்தான். வண்டியில் எதையும் கழற்ற வேண்டாம், ஒத்துவராவிட்டால் வெளியே எடுத்துவிடலாம். சரியாக உட்கார்ந்த அடாப்டர் சாதாரண எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைவிடப் பெரும்பாலும் தெளிவாகப் பாடும்.

அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் கோளாறைப் பிடிப்பது சுலபம். உள்ளே நாடா கிடையாது. நாடா வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஹெட் இருக்கும். ஃபோன் சிக்னல் அதன் காயிலில் காந்தப்புலமாக மாறுகிறது, எதிரே ஒட்டி நிற்கும் செட்டின் ஹெட் அதை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் நேருக்கு நேர் ஒட்டவில்லை என்றால் ட்ரெபிள் (மேல்சுருதி ஓசைகள்) முதலில் போகும், பிறகு ஒரு பக்க ஒலி குறையும்.

ஆகவே போடுவதற்கு முன் செட்டின் ஹெட்டைத் துடையுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் லேசாகத் தொட்டு ஹெட்டையும், பக்கத்தில் சுழலும் உலோகக் கம்பியையும் துடைக்கலாம். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். பல வருட நாடாத் துகள் பழுப்பாக வரும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள்.

அடுத்து செட்டிங். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) இருந்தால் ஆஃப். ‘மெட்டல்’ அல்லது ‘குரோம்’ பட்டன் இருந்தால் அதுவும் ஆஃப், ஏனென்றால் அந்த நிலையில் செட் 70 மைக்ரோசெகண்ட் ஈக்வலைசேஷனுக்கு மாறி ட்ரெபிளைக் குறைத்துவிடும். சாதாரண நாடாவுக்கான 120 மைக்ரோசெகண்டிலேயே விடுங்கள். ‘அடாப்டர் மந்தமாகப் பாடுகிறது’ என்று வரும் புகார்களில் பல இந்த இரண்டு பட்டன்களால் வருபவை. போக்குவரத்து அறிவிப்பு வசதி உள்ள செட் என்றால் அதையும் அணைத்துவிடுங்கள், பாட்டின் நடுவே ரேடியோ புகுந்துவிடும்.

ஃபோன் ஒலியளவு முக்கால் பங்கு. அதற்கு மேல் போனால் ‘ச’, ‘ஸ’ ஓசைகள் கரகரக்கும். மிகவும் குறைத்து வைத்துச் செட்டின் வால்யூமைக் கூட்டினால் ஹெட்டின் அடிநாத இரைச்சலும் மோட்டார் உறுமலும் கூடவே ஏறும்.

ஆட்டோ ரிவர்ஸ் (கேசட்டின் மறுபக்கத்தைத் தானே பாடும்) செட்டில் ஒரு தொல்லை வரும். போட்ட உடனே பக்கம் மாற்றி மாற்றிக் கடைசியில் வெளியே தள்ளிவிடும். நாடா நகர்கிறதா என்று செட் சக்கரத்தின் சுழற்சியை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அடாப்டருக்குள் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் பற்சக்கரங்கள் இறுகிவிட்டால் ‘நாடா முடிந்தது’ என்று முடிவு கட்டிவிடும். அடாப்டர் ஓட்டின் திருகுகளைக் கழற்றி, பற்சக்கர அச்சில் ஊசிமுனை அளவு சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். பெட்ரோலிய கிரீஸ் பிளாஸ்டிக்கை அரிக்கும், அதைத் தொடவே வேண்டாம். கடகடவென்று சத்தம் வந்தாலும் இதே மருந்து. பற்சக்கரத்தையே பிடுங்கிப் போடச் சொல்வார்கள். சுழற்சியைக் கவனிக்காத மிகப் பழைய மெக்கானிசத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

ஒலியே வராமல் சக்கரம் மட்டும் சுற்றுகிறதா? செட் எதிர்ப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும். ‘புரோகிராம்’ பட்டனை ஒருமுறை அழுத்துங்கள்.

வாங்கும்போது ஒயர் வெளிவரும் மூலையைக் கவனியுங்கள். கேசட்டின் எந்த விளிம்பு வாய்ப்பக்கம் நிற்கிறதோ அந்த விளிம்பில் ஒயர் வர வேண்டும், இல்லாவிட்டால் கதவு நசுக்கும். பல அடாப்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள் இருக்கும், திறந்து ஒயரை வேறு பள்ளத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வெயிலில் நிறுத்தும்போது வெளியே எடுத்து வையுங்கள். ஓடு வளைந்தால் ஹெட் ஒட்டாது.

டைப்-சிக்கு உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றுவது) உள்ள டாங்கிளாக (குட்டி இணைப்பு ஒயராக) பார்த்து வாங்குங்கள். வெறும் ஒயர் மாற்றி மட்டும் உள்ள டாங்கிள், டைப்-சி வழியே அனலாக் ஒலி தரும் சில ஃபோன்களில்தான் பாடும்.


அலைவரிசை88:

கேசட் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேசட் பெல்ட் அறுந்த செட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எஃப்எம் பற்றி எழுதுகிறேன். பெல்ட் போனால் பெரும்பாலான செட்டுகள் பிளே நிலைக்கே போகாது, அடாப்டரும் பாடாது.

லைட்டர் சாக்கெட்டில் செருகும் டிரான்ஸ்மிட்டர் ஒரு குட்டி வானொலி நிலையம். சட்டப்படி அதன் சக்தி மிகக் குறைவு. ஐரோப்பாவில் உச்சவரம்பு 50 நானோவாட். அதனால் வெளியே ஒரு நிலையம் சுமாரான பலத்தோடு அதே இடத்தில் இருந்தாலே போதும், அது வென்றுவிடும். எஃப்எம் ரிசீவர் இரண்டு சிக்னலில் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட சமமானால் பாட்டும் பேச்சும் மாறி மாறி வரும்.

எனவே முதலில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, கையால் ஒவ்வொரு படியாக ரேடியோவைத் திருப்பி வெறும் இரைச்சல் மட்டும் உள்ள இடத்தைத் தேடுங்கள். ஆட்டோ தேடல் இதற்கு உதவாது. அந்த இடத்துக்கு இருபுறமும் 0.2 மெகாஹெர்ட்ஸ் காலியாக இருக்க வேண்டும். கிடைத்த இடத்தில் டிரான்ஸ்மிட்டரை நிறுத்துங்கள். ஆர்டிஎஸ் (ஒலியோடு நிலையத்தின் தகவலையும் வாங்கும் வசதி) செட் என்றால் மாற்று அலைவரிசைக்குத் தாவும் ஏஎஃப் வசதியை அணையுங்கள்.

அமெரிக்கச் சந்தைக்கான செட் 88.1, 88.3 என்று ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டும் நிற்கும். டிரான்ஸ்மிட்டரை 88.2-இல் வைத்துவிட்டு ‘தெளிவில்லை’ என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய வண்டி என்றால் செட் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் 87.5-இல் தொடங்கும். ஆகவே 87.5-க்கும் 90-க்கும் இடையில் வைத்தால் பேண்ட் மாற்றி இல்லாமலே வேலை செய்யும்.

ஒலித்தரத்துக்கு மேல்வரம்பு உண்டு. ஸ்டீரியோ எஃப்எம்மில் 19 கிலோஹெர்ட்ஸில் பைலட் டோன் (ஸ்டீரியோவுக்கான அடையாள ஒலி) இருப்பதால் ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நிறுத்தப்படும். காருக்குள் அது பெரிய குறையில்லை. பெரிய குறை வேறு: உலகின் பெரும்பகுதியில் ரேடியோக்கள் 50 மைக்ரோசெகண்ட் டீஎம்ஃபசிஸ் (அனுப்பும்போது கூட்டிய ட்ரெபிளைத் திரும்பக் குறைப்பது), அமெரிக்கக் கண்டங்களிலும் தென் கொரியாவிலும் 75. டிரான்ஸ்மிட்டர் 75-க்கும் ரேடியோ 50-க்கும் செய்யப்பட்டிருந்தால் ட்ரெபிள் காதைக் குத்தும்; மாறி இருந்தால் மந்தமாகும். ட்ரெபிள் குமிழைத் திருகிச் சமாளித்துவிடலாம், ஆனால் காரணம் தெரியாமல் ஃபோனைக் குறை சொல்ல வேண்டாம்.

பின் கண்ணாடியில் ஆன்டெனா உள்ள வண்டியில் டேஷ்போர்டு சாக்கெட் தூரமாகிவிடும். 12 வோல்ட் நீட்டிப்பு ஒயர் போட்டு டிரான்ஸ்மிட்டரை நடுப்பகுதிக்குக் கொண்டுபோனாலே இரைச்சல் குறையும். ஆக்ஸ் ஒயர் வழியே ஃபோனை டிரான்ஸ்மிட்டரில் இணைப்பவர்கள் ஃபோன் ஒலியைப் பாதிக்குச் சற்று மேலே மட்டும் வையுங்கள். அளவு மீறினால் ஓவர்மாடுலேஷன் ஆகி உச்ச ஒலிகள் கிழியும்.

இதைவிட நல்ல வழி ஒயர் எஃப்எம் மாடுலேட்டர். செட்டின் பின்னால் ஆன்டெனா பிளக்கைக் கழற்றி இடையில் செருகும் சின்னப் பெட்டி. ஆன் செய்தால் வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிட்டுத் தன் சிக்னலை நேராக ஒயரில் கொடுக்கும். ஆஃப் செய்தால் ரேடியோ பழையபடி. வெளி நிலையங்களோடு போட்டியே இல்லாததால் எந்த ஊருக்குப் போனாலும் அலைவரிசை மாற்ற வேண்டாம். துண்டிக்கும் ரிலே உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். ரிலே இல்லாமல் ஆன்டெனாவோடு கலந்து மட்டும் விடும் மாடல்களில் பலமான நிலையம் உள்ளே கசியும்.


பின்சீட்டுக்காரன்:

இருவருக்கும் நன்றி. டால்பி பட்டன் இருப்பதையே இப்போதுதான் கவனிக்கிறேன். சேஞ்சர் பட்டனை அழுத்தினால் திரையில் ஒன்றும் மாறுவதில்லை. செட்டை வெளியே எடுத்தால் பின்னால் எதைத் தேட வேண்டும்? சேஞ்சர் இல்லாமலே அந்த வழியைத் திறக்க முடியுமா?


சால்டர்புகை:

முடியும், அதுதான் உங்கள் செட்டுக்குச் சரியான வழியும். கேசட் ஹெட், எஃப்எம் இரண்டையும் சுற்றாமல் நேராக ப்ரீஆம்ப்ளிஃபையருக்குள் போகும் பாதை அது.

செட்டைத் தொடுவதற்கு முன் திருட்டுத் தடுப்புக் கோடு (செட்டைத் திறக்கும் ரகசிய எண்) கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலச் செட்டுகளில் பல, மின்சாரம் போய் வந்தால் கோடு கேட்கும். புத்தகத்தில் இல்லாவிட்டால் செட்டின் வரிசை எண்ணை வைத்து முதலில் கோடைப் பெற்றுக்கொண்டு பிறகு கழற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் வேலை.

முகப்பின் இருபுறமும் இரண்டிரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தால் யூ வடிவக் கம்பிச் சாவிகளைச் செருகி, வெளிப்புறமாக லேசாக விரித்தபடி இழுத்தால் செட் வந்துவிடும். ஓட்டை இல்லாத வண்டிகளில் சுற்றுச் சட்டத்தைக் கழற்றினால் திருகுகள் தெரியும்.

பின்னால் ஐஎஸ்ஓ (பொதுத்தர அமைப்பு) சாக்கெட் இருந்தால் ‘ஏ’ பகுதி மின்சாரம், ‘பி’ பகுதி ஸ்பீக்கர், ‘சி’ பகுதி மூன்று குட்டித் துண்டுகளாக இருக்கும்: மஞ்சள், பச்சை, நீலம். நமக்கு வேண்டியது நீலம், அதாவது 13 முதல் 20 வரையுள்ள எட்டு பின்கள். பொதுவாக 18 ஒலிக்கான எர்த், 19 இடது, 20 வலது. மற்றவை டேட்டா, மின்சாரம். அவை செட்டுக்குச் செட்டு மாறும். செட்டின் மேல்தகட்டில் பெரும்பாலும் பின் படம் ஒட்டியிருப்பார்கள், அதை நம்புங்கள். ஜப்பானியச் செட்டுகளில் பெரும்பாலும் ஐஎஸ்ஓ இருக்காது, தனி வடிவ சாக்கெட் இருக்கும். அதற்கு வண்டி மாடலைச் சொல்லித்தான் அடாப்டர் வாங்க வேண்டும்.

பட்டன் அழுத்தியும் திரை மாறாததற்குக் காரணம் இருக்கிறது. டேட்டா ஒயரில் ‘நான் இருக்கிறேன்’ என்று சேஞ்சர் பதில் சொன்னால்தான் பல செட்டுகள் அந்தப் பாதையைத் திறக்கும். வெறும் மூன்று ஒயர் ஆக்ஸ் கேபிளை அந்தச் செட்டில் செருகினால் ஒன்றும் நடக்காது. கேபிள் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சிக்கியவர்கள்தான். சேஞ்சர் போலவே பதில் சொல்லும் எமுலேட்டர் பெட்டி வேண்டும். வாங்கும்போது செட்டின் மாடல் எண்ணையும் சொல்லுங்கள். ஒரே கார் மாடலுக்கு வெவ்வேறு செட்டுகள் வந்திருக்கும், ஒவ்வொன்றின் டேட்டா மொழியும் வேறு.

இன்னொரு வழி, பழைய சேஞ்சர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதை டிக்கியில் இணைத்து, ஒலியே இல்லாத ஒரு சிடியைப் பதிவு செய்து உள்ளே ஓடவிடுவது. செட் திருப்தியாகிவிடும். சேஞ்சரிலிருந்து வரும் இடது, வலது ஒயர்களை வெட்டிவிட்டு ஃபோன் சிக்னலை அந்த இடத்தில் கொடுக்கலாம். டேட்டா ஒயர்களை வெட்டிவிடாதீர்கள்.

ஒலி ரேடியோவைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். இந்தப் பாதை சிடியின் பலத்தை, ஏறக்குறைய 1 முதல் 2 வோல்ட்டை, எதிர்பார்த்து அமைத்தது. ஃபோன் டாங்கிள் அதைவிடக் குறைவாகத்தான் தரும். ஃபோனை முழு ஒலிக்கு அருகில் வைத்துச் செட்டில் கூட்டிக்கொள்ளுங்கள்.


பின்சீட்டுக்காரன்:

நீல சாக்கெட் இருக்கிறது. எமுலேட்டர் போட்டதும் திரை மாறி, பாட்டும் வருகிறது, ஒலி அருமை. ஆனால் சார்ஜும் ஒலியும் சேர்ந்த டைப்-சி டாங்கிளில் சார்ஜரைச் செருகினால் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஊய்ய்’ சத்தம். சார்ஜரைப் பிடுங்கினால் அமைதி. கேசட் அடாப்டரில் இதே டாங்கிள், இதே சார்ஜர், சத்தமே இல்லை. ஏன்?


எர்த்_வயர்:

நீங்கள் செய்த ஒப்பீடே பதில். கேசட் அடாப்டரில் ஃபோனுக்கும் செட்டுக்கும் இடையே ஒயர் தொடர்பு கிடையாது, காந்தப்புலம் மட்டும்தான். சேஞ்சர் வழியில் ஒலி ஒயரின் எர்த் ஃபோனையும் செட்டையும் நேராக இணைக்கிறது. சார்ஜரின் நெகட்டிவ் லைட்டர் சாக்கெட் வழியே வண்டி பாடியில் வேறொரு இடத்தில் இணைகிறது. ஆக எர்த் இரண்டு பாதைகளில் சுற்றி ஒரு வளையமாகிவிட்டது. ஆல்டர்னேட்டர் கரண்ட் பாடி வழியே ஓடும்போது அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே சில மில்லிவோல்ட் ஏற்றத்தாழ்வு இருக்கும். அது பாட்டோடு சேர்ந்து ஆம்ப்ளிஃபையருக்குள் போகிறது. இன்ஜின் வேகத்தோடு ராகம் மாறுவது அதனால்தான்.

சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் நிற்காவிட்டால் அது எர்த் வளையம் அல்ல; செட்டின் சொந்த மின்சார ஒயரையோ ஆல்டர்னேட்டரையோ பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

செலவே இல்லாத தீர்வு: ஃபோனை பவர் பேங்கில் சார்ஜ் செய்வது. வளையம் அங்கேயே அறுந்துவிடும். பவர் பேங்கை அந்த நேரத்தில் கார் சார்ஜரில் செருகி வைத்தால் மறுபடி வந்துவிடும்.

அடுத்தது ஒலி ஒயரில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். உள்ளே இரண்டு குட்டி ஒன்றுக்கு-ஒன்று டிரான்ஸ்ஃபார்மர்கள். சத்தம் உடனே நிற்கும். ஆனால் மலிவான ஐசொலேட்டரில் கோர் மிகச் சிறியது; அடிஆழ பாஸ் பலமாக வரும்போது கோர் நிறைவடைந்து மத்தளச் சத்தம் கரகரப்பாகும். ஃபோன் ஒலியைக் கொஞ்சம் குறைத்துச் செட்டில் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாங்கினால் கையில் சற்று கனமாக உள்ளதை எடுங்கள், இங்கே எடைதான் தரம்.

பாஸில் கைவைக்கக் கூடாது என்றால் ஒலியை விட்டுவிட்டு மின்சாரத்தைத் தனிமைப்படுத்துங்கள். ஃபோனை எந்தச் சார்ஜரில் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு, பாட்டை ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவருக்கு அனுப்புங்கள். அந்த ரிசீவருக்கு மட்டும் தனி மின்சாரம்: 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி, பிறகு பி0505எஸ்-1டபிள்யூ என்ற நான்கு கால் ஐசொலேட்டட் மாட்யூல் வழியே கொடுங்கள். 5 வோல்ட் வாங்கி 5 வோல்ட் தரும், உள்ளுக்கும் வெளிக்கும் ஒயர் தொடர்பு இல்லை. 200 மில்லிஆம்பியர் வரை தரும். ப்ளூடூத் ரிசீவருக்கு அது தாராளம், ஃபோன் சார்ஜுக்குப் போதவே போதாது. இருபுறமும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒவ்வொன்று வையுங்கள். வெளிப்பக்கம் 1000 மைக்ரோஃபாரட் போன்ற பெரிய கெபாசிட்டர் வைத்தால் மாட்யூல் கிளம்பவே திணறும்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று: இரண்டு பக்க நெகட்டிவையும் ‘எர்த் எர்த்தோடு’ என்று சேர்த்து சால்டர் செய்துவிடுவது. அப்படிச் செய்தால் மாட்யூல் போட்டதே வீண். ரிசீவரின் உலோக உறையும் வண்டி பாடியில் பட்டுவிடக் கூடாது.

12-ஐ 5 ஆக்குவதற்கு 7805 என்ற ரெகுலேட்டர் ஐசி போதும், ஸ்விட்சிங் இரைச்சல் இராது. வண்டி ஓடும்போது 14.4 வோல்ட் வரை வரும். 100 மில்லிஆம்பியருக்கு ஏறக்குறைய 0.94 வாட் சூடாகக் கழியும், ஒரு சின்ன அலுமினியத் தகடு மாட்டுங்கள். சாவி போட்டால் மட்டும் வரும் ஒயரிலிருந்து எடுங்கள், ஒயர் தொடங்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் கட்டாயம். ஐஎஸ்ஓ ‘ஏ’ சாக்கெட்டில் 7 சாவி ஒயர், 4 நிரந்தர 12 வோல்ட், 8 எர்த். சில ஐரோப்பிய வண்டிகளில் 4-உம் 7-உம் இடம் மாறியிருக்கும், மீட்டரில் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.


சால்டர்புகை:

ரிசீவரை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். செட்டின் தகட்டுப் பெட்டிக்குள் இடம் இருக்கிறதே என்று உள்ளே வைத்து மூடினால் ப்ளூடூத் துண்டு துண்டாக வரும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னால், உலோகத்திலிருந்து சற்று விலக்கி, நுரைப்பஞ்சு சுற்றி வையுங்கள். இணைந்ததும் உரக்கக் குரல் கொடுக்கும் மாடல்கள் உண்டு. அந்தக் குரலின் அளவு பெரும்பாலும் ஃபோனில் குறைக்க முடியாதது, வாங்குமுன் கேட்டுப் பாருங்கள்.

சேஞ்சர் பட்டனே இல்லாத செட் வைத்திருப்பவர்களுக்காக, உள்ளே கைவைக்கும் முறை. துல்லியமாக சால்டர் செய்யத் தெரிந்தவர்கள் மட்டும்.

செட்டைத் திறந்து வால்யூம், டோன் இரண்டையும் கவனிக்கும் ஐசியைத் தேடுங்கள். டிடிஏ7318, டிடிஏ7313 போன்ற எண்கள் அந்தக் காலத்தில் சகஜம். டேட்டாஷீட்டைப் பார்த்தால் எந்தக் கால் இடது, எந்தக் கால் வலது என்று தெரியும். 7318-இல் நான்கு ஸ்டீரியோ உள்ளீடுகள், 7313-இல் மூன்று. சும்மா கிடக்கும் உள்ளீட்டில் இணைக்கலாமே என்று தோன்றும், ஆனால் செட்டின் மூளை அந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கவே தேர்ந்தெடுக்காது. அதனால் பயன்பாட்டில் உள்ள ஒன்றைத்தான் கடன் வாங்க வேண்டும். ரேடியோ உள்ளீடு நல்லது. கேசட் உள்ளீட்டை எடுத்தால் பாட்டுக் கேட்க ஒரு கேசட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐந்து கால் உள்ள 3.5 மி.மீ. ஸ்விட்ச் ஜாக் வாங்குங்கள். ஐசியின் ரேடியோ கால்களுக்கு முன்னால் உள்ள கப்ளிங் கெபாசிட்டருக்குச் சற்று முன்பு, இடதும் வலதும் தனித்தனியாகப் பிரிந்த பிறகு, தடத்தை வெட்டுங்கள். பிரிவதற்கு முன் வெட்டினால், ரேடியோ ஏஎம்மில் இருக்கும்போது ஃபோனின் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். ரேடியோவிலிருந்து வரும் முனைகள் ஜாக்கின் ஸ்விட்ச் கால்களுக்கு, ஐசிக்குப் போகும் முனைகள் ஜாக்கின் முனை, வளையக் கால்களுக்கு. பிளக் செருகாதபோது ரேடியோ பாடும், செருகினால் ரேடியோ துண்டிக்கப்பட்டு ஃபோன் பாடும்.

கெபாசிட்டருக்குப் பிறகு, ஐசியின் காலிலேயே இணைக்க நேர்ந்தால் அங்கே சில வோல்ட் டிசி நிற்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 முதல் 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டு, பிளஸ் காலை ஐசி பக்கம் வையுங்கள். அதை விட்டால் செருகும்போதெல்லாம் ‘டப்’ என்று அடிக்கும், ஃபோனுக்கும் நல்லதல்ல. ஜாக் பிளாஸ்டிக் உடம்பாக இருக்கட்டும். உலோக ஜாக்கை முகப்புத் தகட்டில் முடுக்கினால் எர்த்_வயர் சொன்ன வளையத்தை நாமே உருவாக்கியதாகும். ஷீல்டு ஒயர், முடிந்தவரை குட்டையாக.

ஃபோனை ஸ்பீக்கர் ஒயரில் எந்தச் சூழலிலும் இணைக்காதீர்கள். அந்தக் காலச் செட்டுகளில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் உயிருள்ளவை, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பாதி பேட்டரி வோல்ட் நிற்கும். அதில் ஒன்றை எர்த் என்று நினைத்து பாடியில் தொட்டால் பவர் ஐசி போய்விடலாம்.


மூன்றாம்கியர்:

இடையில் நுழைகிறேன். 1960களின் தொடக்கத்து வண்டி, குமிழ் வைத்த ஏஎம் ரேடியோ மட்டும், எஃப்எம்மே கிடையாது. டிரான்சிஸ்டர் செட்தான், வால்வு இல்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா?


எர்த்_வயர்:

உண்டு, ஆனால் முதலில் மீட்டரை எடுத்து வண்டி பாடியில் பேட்டரியின் எந்த முனை இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அப்படியானால் லைட்டர் சாக்கெட்டில் இன்றைய யூஎஸ்பி சார்ஜரைச் செருகினால் முனைகள் தலைகீழாகி எரிந்துவிடும், சார்ஜரோடு ஃபோனும் போகலாம். 6 வோல்ட் வண்டியாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஃபோன் பவர் பேங்கில் இருக்கட்டும், வண்டி மின்சாரத்தைத் தொட வேண்டாம்.

ரேடியோவில் வால்யூம் குமிழின் பின்னால் மூன்று கால்கள். ஓரக் கால்களில் ஒன்று எர்த்தோடு சேர்ந்திருக்கும், மற்ற ஓரக் கால்தான் டிடெக்டரிலிருந்து (ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) சிக்னல் வரும் இடம். அதற்கு வரும் ஒயரை எடுத்துவிட்டு அங்கே ஃபோன் சிக்னலைக் கொடுக்க வேண்டும். ரேடியோவும் வேண்டும் என்றால் இடையில் ஒரு இருவழி ஸ்விட்ச். செட் மோனோ என்பதால் இடது, வலது இரண்டையும் தலா 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியே ஒன்று சேர்த்து, பிறகு 1 மைக்ரோஃபாரட் பிலிம் கெபாசிட்டர் வழியே அந்தக் காலுக்குக் கொண்டுபோங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் இரண்டு பக்கத்தையும் நேராக முடிந்தால் ஃபோனின் ஒரு பக்கம் மறுபக்கத்தை ஓட்ட முயன்று இரண்டும் திணறும். பிலிம் கெபாசிட்டருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது என்பதால் பாசிட்டிவ் எர்த் வண்டியிலும் குழப்பம் வராது.

திறந்து பார்க்கையில் உள்ளே வால்வு தெரிந்தால் அப்படியே மூடிவிடுங்கள். அந்தச் செட்டுகளில் பல உள்ளுக்குள் 200 வோல்ட் அளவுக்கு உற்பத்தி செய்பவை, அணைத்த பிறகும் கெபாசிட்டரில் நிற்கும். அதற்கு, சீட்டுக்கடியில் பேட்டரியில் ஓடும் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வைத்துக்கொள்வதே சரி.